எட்டாவது சிலிண்டரும் ஓர் ஊதுபத்தியும்

ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரவென்று அரைத்தது. அதுவும் எல்லா நேரமும் இல்லை. காலையில் கராஜிலிருந்து வெளியே எடுக்கும்போது சத்தமே இருக்காது, இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு இந்தியன் மளிகைக் கடை பார்க்கிங்கில் பின்னால் எடுக்கப் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அரைக்கும். அந்த நாலு பேரும் ஏற்கெனவே வண்டியைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதால் மானம் இரண்டு மடங்காகப் போகும்.

வண்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோப்ரா ரெப்ளிகா, அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல். 1962-ல் காரல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர், இங்கிலாந்தில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் செய்துகொண்டிருந்த ஏசி ஏஸ் என்ற சின்ன காரில் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தார், அதுதான் கோப்ரா. அசல் வண்டிகள் ஏறக்குறைய ஆயிரம்தான் செய்தார்கள். இன்றைக்கு அவை ஏலத்துக்கு வந்தால் நாம் வேடிக்கைகூடப் பார்க்க முடியாது. அதனால் ரோட்டில் நீங்கள் பார்க்கிற கோப்ராக்களில் பெரும்பாலானவை என்னுடையது மாதிரி கிட். குழாய்ச் சட்டமும் ஃபைபர் பாடியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பெடல் இதெல்லாம் ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட வேண்டும். என் விஷயத்தில் உறுப்பு தானம் செய்த புண்ணியவான் 1990 மாடல் மஸ்டாங் 5.0. கம்பெனிக் கணக்கில் 225 குதிரைசக்தி, ஐந்து ஸ்பீடு கியர்பாக்ஸ். மூன்று குளிர்காலம் டிட்ராய்ட் புறநகரில், வெளியே பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு பூட்டிய வண்டி இது.

"ஏங்கண்ணு, அத்தனை காசு குடுத்து டப்பாவுல வாங்கி நீயே பூட்டிக்கிறதுக்குப் பேரு காரா?" என்று நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த சித்தப்பா கேட்டார். அவருக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

சரி, இரண்டாவது புகார். வண்டியைக் குளிர்ச்சியாக ஸ்டார்ட் செய்தவுடன் இடது பக்கத்திலிருந்து தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் குறைந்துவிடும். ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையைத் தனித்தனிக் குழாயில் வெளியே கொண்டுவருகிற அமைப்பு, நம்மூர் பைக் மெக்கானிக் பெண்ட் பைப் என்பாரே, அதில் பக்கத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்களைப் பற்ற வைத்திருக்கிற தடிப்பான தகட்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே பேக்கிங் இருக்கும். அங்கே இடுக்கு விழுந்தால் ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் புகை அந்த இடுக்கு வழியாகத் துப்பும், அதுதான் டிக்டிக். சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு அடைபடும், சத்தம் குறையும். குறைவதால்தான் நாமும் "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். நான் எட்டு வாரம் விட்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். இடது பக்கம் தலைப்பு கிளட்ச், வலது பக்கம் தலைப்பு ஹெடர். தேதி, எத்தனை நிமிஷம் ஓட்டினேன், வெளியே என்ன சூடு, என்ன சத்தம் என்று பொறுப்பாக எழுதிக்கொண்டு வந்தேன். ஆபீஸில் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதான், வீட்டிலும் கை சும்மா இருக்காது.

கிளட்ச் பக்கத்துக்கு முதலில் வருகிறேன். ரிவர்ஸ் மட்டும் அரைத்தால் பெரும்பாலும் அர்த்தம் ஒன்றுதான்: பெடலை முழுசாக மிதித்தாலும் கிளட்ச் பிளேட் முழுசாக விடுபடவில்லை. முன் கியர்களில் சின்க்ரோ இருக்கிறது, பற்கள் சேர்வதற்கு முன் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிற வளையம், அது சமாளித்துக் கொடுத்துவிடும். இந்த கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லை நேரே கொண்டுபோய் மோத வேண்டும். அதனால் ரிவர்ஸ்தான் முதலில் கத்தும். கூடவே பெடலும் சூட்டில் கல் மாதிரி ஆகிவிடும். காலையில் ஒரு விரலால் அழுத்தலாம் போலிருக்கும் பெடல், சாயங்கால டிராஃபிக்கில் தொடையைப் பிடித்துக்கொள்ள வைக்கும்.

இந்த மாடல் மஸ்டாங்கில் கிளட்ச் ஹைட்ராலிக் இல்லை, கேபிள்தான், நம் பைக் கிளட்ச் கேபிளின் பெரியண்ணன். பெடல் மேலே இருக்கிற அரைவட்டம் கேபிளை இழுக்கும், கேபிள் கியர்பாக்ஸ் முன்னால் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபோர்க்கை இழுக்கும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடித்திருக்கிற பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும், பிடி விடும். நான் பூட்டும்போதே அலுமினிய அரைவட்டமும் கையால் திருகிச் சரிசெய்கிற அட்ஜஸ்டரும் போட்டிருந்தேன்.

ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலை டேப் போட்டு ஒட்டி, மகளை பெடல் மிதிக்கச் சொல்லி அளந்தேன். குளிர்ச்சியாக 14 மில்லிமீட்டர். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, கையில் தோல் உறை போட்டுக்கொண்டு திரும்ப அளந்தால் 10 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் எங்கேயோ போகிறது. "சூட்டில் கம்பி நீண்டுவிடுகிறது" என்று முடிவு கட்டினேன். கணக்கும் போட்டேன்: ஒரு மீட்டர் இரும்பு 150 டிகிரி சூடேறினால் நீள்வது இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே. தவிர, கேபிளின் உள்கம்பி மட்டுமா நீளும், வெளிக்கூடும் சுருள் கம்பிதானே, அதுவும் சேர்ந்துதான் நீளும். ஆக, கணக்கு இடிக்கிறது என்று நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இருந்தும் அட்ஜஸ்டரை எடுத்து இரண்டு சுற்று இறுக்கினேன். படித்த முட்டாளுக்கு நோட்டுப் புத்தகம் ஒரு கேடு.

அன்று சூடாக இருந்தபோது ரிவர்ஸ் அழகாக விழுந்தது. மறுநாள் காலை ஹைவேயில் ஏறும்போது ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன், ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. கூடவே அந்த வாசனை, மலையேறுகிற லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். சூட்டில் இறுக்கிய கேபிள் குளிரில் இன்னும் இறுகி, நான் காலை எடுத்த பிறகும் பிரஷர் பிளேட்டின் விரல்களைப் பாதி அமுக்கியே வைத்திருக்கிறது. பிளேட்டுக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? ஓரங்கட்டி, ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த இரவே கிளட்ச் செட் முழுசும் ஆர்டர் போட்டேன். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், சென்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் குச்சி. இந்த வண்டியில் கியர்பாக்ஸைத் தனியாகக் கீழே இறக்குவது நரகம், சட்டத்தின் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒட்டுக்காக மேலே தூக்குவதுதான் பலர் செய்வது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் எஞ்சின் தூக்குகிற கிரேன் இருந்தது. சனிக்கிழமை காலை என்று பேசி வைத்தோம். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் டிரீம் க்ரூஸ் இருக்கிறது, 1995-லிருந்து, 2020 ஒன்றைத் தவிர, ஒவ்வொரு வருஷமும் ஊரில் உள்ள பழைய கார்களெல்லாம் அந்த ரோட்டில் ஊர்வலம் போகும். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வியாழன் ராத்திரி. எஞ்சினை எடுப்பதற்கு முன்னால் ஹெடரை எப்படியும் கழற்றத்தானே வேண்டும், கழற்றினால் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிக்கிற வாய்ப்பும் போய்விடும், அதனால் அந்த ஹெடர் புகாரை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போது கையை வைத்துத் தேட முடியாது. கோப்ராவில் சைலன்சர் பாடிக்கு வெளியே பக்கவாட்டில் ஓடும். இறங்கும்போது காலைச் சுட்டுக்கொண்டால் இங்கே இதற்குப் பெயரே பாம்புக்கடி. என் மனைவிக்கு ஒரு பாம்புக்கடி ஆயிற்று, கணுக்காலுக்கு மேலே, அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

ஆகவே எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வேக்குவம் கிளீனரின் குழாயை ஊதுகிற பக்கம் மாட்டி, சைலன்சர் வாயில் பழந்துணி சுற்றிச் செருகி, உள்ளே காற்றை ஊதவிட்டேன். வழக்கமாக சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் டிரைவர் கால் வைக்கிற ஃபுட்பாக்ஸுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற இருட்டில் நுரை எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் சாமி அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து வந்தேன்.

ஐந்தாவது சிலிண்டர், புகை நேராக மேலே போனது. ஃபோர்டில் இடது பக்கம் முன்னாலிருந்து பின்னாலே ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஆறு, ஒன்றுமில்லை. ஏழில் லேசாக நடுங்கியது. எட்டுக்குக் கொண்டுபோனேன், டிரைவரின் கால் இருக்கிற அலுமினியப் பெட்டிக்கு முன்னால், கடைசிக் குழாய். தகட்டின் கீழ் மூலையிலிருந்து புகை படாரென்று குறுக்கே திரும்பி ஒரு கோடு மாதிரி ஓடியது. கைவிளக்கை அந்தக் கோட்டோடு நகர்த்தினேன். நாலு விரல்கடை தள்ளி ஒரு கறுப்பு வளைவில் போய் மோதி இரண்டாகப் பிரிந்தது.

அது கிளட்ச் கேபிள்.

ஊதுபத்தியைக் காபி டம்ளரில் குத்திவைத்துவிட்டு விரலை விட்டுத் தடவினேன். இரண்டு அங்குல நீளத்துக்கு வெளியுறை உருகி, ஒழுகி, மெழுகுவத்தி வழிந்து நின்ற மாதிரி கட்டியாகியிருந்தது. மேலே மெல்லிசாகக் கரி. அந்த இடத்தில் கேபிளைக் கழற்றி அறுத்துப் பார்த்தபோது, உள்கம்பி வழுக்கிப் போவதற்காக இருக்கிற பிளாஸ்டிக் குழலும் இளகி, கம்பி அதில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. எல்லாம் ஒரே நிமிஷத்தில் வரிசையாக வந்து நின்றது. எட்டாவது சிலிண்டரின் ஒழுகல் சூடான புகையை நேராகக் கேபிள்மேல் துப்புகிறது. சூட்டில் உறை இளகுகிறது, இளகிய உறையில் பெடலை மிதித்தால் கம்பி இழுபடுவதற்கு முன் உறை அமுங்கிக்கொடுக்கிறது, அங்கேதான் அந்த நாலு மில்லிமீட்டர். உராய்வால் பெடல் கனக்கிறது. ஆறினால் உறை திரும்ப விறைத்துக்கொள்கிறது, காலையில் எல்லாம் சுகம். கிளட்ச் பிளேட்டுக்கு இந்தக் கதையில் வேடமே இல்லை. நோட்டில் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவனுக்கு, இரண்டிலும் ஒரே தேதியில் "இன்று மோசம்" என்று இருப்பது எட்டு வாரமாகக் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இடது சைலன்சரின் வாய் மட்டும் வலதைவிடக் கறுப்பாக இருந்தது, பெட்ரோல் வாடையும் இருந்தது. புகை அலை அலையாகத்தான் வரும். இடுக்கு வழியாகப் புகை வெளியே போவதோடு, அந்த அலைகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளேயும் போகும். கீழே இருக்கிற ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பி அந்தப் பக்கம் கூடுதலாக ஊற்றியிருக்கிறது.

பெரியவருக்கு போன் போட்டு கிரேன் வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எட்டாவது சிலிண்டரின் பின் போல்ட்டுக்கு சாக்கெட் போகாது, ஸ்பேனர் போனாலும் சுழல இடமில்லை. மலிவாக ஒரு ஸ்பேனர் வாங்கி நடுவில் அறுத்துப் பாதியாக்கி, அதை வைத்துக் கடிகாரத்தின் சின்ன முள் வேகத்தில் கழற்றினேன். கீழ் போல்ட்டை ஏறக்குறைய விரலாலேயே திருப்ப முடிந்தது. மேல் போல்ட் எதிர்மாறு, அசையவே இல்லை, சுவாலையால் சூடுகாட்டி, மெழுகுவத்தியைத் தொட்டு மெழுகு மரைக்குள் இறங்கட்டும் என்று காத்திருந்து, திரும்பச் சூடுகாட்டி, மூன்றாவது தடவை கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கொடுத்தது. போல்ட் கழற்றும்போது வருகிற அந்தக் கீச் நல்ல சத்தம். சத்தமில்லாமல் திடீரென்று லேசாகச் சுற்ற ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும், தலை முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. முதல் முறை பூட்டியபோது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசையாக இறுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும், இல்லையென்றால் தகடு கடைசி ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். தவிர, புது ஹெடரின் போல்ட்கள் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி தானாகவே தளரும், முதல் சூடு ஆறியதும் ஒரு தடவை, நூறு மைலில் ஒரு தடவை என்று திரும்ப இறுக்க வேண்டும். நான் ஒரு தடவையும் செய்யவில்லை. நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் எட்டாவது குழாய்ப் பக்கம் ஒளி ஊடுருவியது. கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, மேலே தகட்டைத் தேய்த்து, தேய்த்து, நாலு வாயைச் சுற்றியும் ஒரே மாதிரி பளபளப்பு வருகிறவரை தேய்த்தேன். தோள்பட்டை இரண்டு நாள் பேசியது.

பேக்கிங்குக்கு அட்டை வகையை விட்டுவிட்டுச் செம்புத் தகடு போட்டேன். சித்தப்பா வீடியோ காலில் இருந்தார். "பழுக்கக் காய்ச்சித் தண்ணியில போடு கண்ணு, இளகும், அப்புறம் பூட்டு" என்றார். டீசல் இன்ஜெக்டருக்கு அடியில் போடுகிற செம்பு வாஷரைப் பட்டறையில் இப்படித்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். இரும்பைப் பழுக்கவைத்து முக்கினால் விறைக்கும், செம்பு அதற்கு நேர்மாறு, பழுக்கக் காய்ச்சினாலே மெத்தென்று ஆகிவிடும், தண்ணீர் சும்மா சீக்கிரம் ஆறுவதற்குத்தான். "எட்டு சிலிண்டருக்கு எட்டுக் குழாயா, எட்டுக்கால் பூச்சியாட்டம் இருக்குதே" என்று அதையும் சொன்னார்.

போல்ட்களை நடுவிலிருந்து, மூன்று சுற்றாக, கடைசியில் 20 அடி-பவுண்டுக்கு முடித்தேன். புத்தகம் 18-லிருந்து 24 வரை சொல்கிறது. பின் போல்ட்டுக்கு மட்டும் டார்க் ரென்ச் போகாது, அங்கே கை சொல்வதுதான் கணக்கு.

கேபிள் புதுசு. பழையதை ஃபுட்பாக்ஸுக்கும் ஹெடருக்கும் நடுவே அதுவாக விழுந்த வளைவில் விட்டிருந்தேன், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை முதலில் மேலே ஏற்றி, சட்டக் குழாயோடு ஒட்டவைத்து, ரப்பர் வைத்த கிளாம்ப் இரண்டு போட்டு, ஃபோர்க் பக்கம் மட்டும் பெரிய வளைவாக இறக்கினேன். குறுகலான வளைவு கேபிளுக்கு ஆகாது, பெடல் கனக்கும். மேலே கண்ணாடி நார் உறை ஒன்றை நுழைத்தேன். அதற்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு அலுமினியத் தகடு ஒன்று. அந்த இடைவெளிதான் முக்கியம். ஹெடரின் சூடு பாதிக்குமேல் கதிராக வருவது, பளபளப்பான தகடு அதைத் திருப்பி அனுப்பும், ஆனால் தகடு குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே தோசைக்கல் ஆகிவிடும். ஹெடர்மேல் துணிப் பட்டை சுற்றிவிடு என்று பலர் சொன்னார்கள், நான் சுற்றவில்லை. என்னுடையது சாதா இரும்புக் குழாய், பட்டைக்குள் ஈரம் நின்று துரு தின்றுவிடும்.

ஸ்டார்ட் செய்தபோது இடது பக்கத்தில் டிக்டிக் இல்லை. இவ்வளவு நாள் கேட்டுப் பழகிவிட்டதால் ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. நாற்பது நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து, தோல் உறை போட்டு, மகளை மிதிக்கச் சொல்லி அளந்தேன். 14. ஆறவிட்டு அளந்தேன். 14. "அப்பா, போதுமா?" என்றாள். இன்னொரு தடவை என்றேன்.

டிரீம் க்ரூஸ் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு உட்வர்டில் ஏறினோம், நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மூன்று மணி நேரம் முதல் கியர், நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல். ஃபெர்ன்டேல் பக்கம் ஓர் இடுக்கான பார்க்கிங்கில் நுழைய வேண்டியிருந்தது. கூட்டம் சுற்றி நின்று போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி என் கையைப் பார்த்தாள். ரிவர்ஸ் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. இறங்கும்போது அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சைலன்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டி இறங்கினாள்.

நூறு மைலில் இறுக்கியபோது மூன்று போல்ட்கள் கொஞ்சம் திரும்பின, ஐந்நூறில் ஒன்று மட்டும், அது எட்டாவதின் கீழ் போல்ட்தான். நோட்டில் இப்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். கிளட்ச் செட்டைத் திருப்பி அனுப்ப முப்பது நாள் கெடு இருந்தது, முப்பத்து மூன்றாவது நாள்தான் ஞாபகம் வந்தது. அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, யாருக்காவது பத்தரை அங்குல கிளட்ச் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.